மாடிக்கு ஒரு கெட்டில்

"...அதுல உக்காராதீங்க தம்பி, அந்த நாற்காலி ஆடும். எழுதிக் கொடுத்து ஆறு மாசமாச்சு. ஆள் உக்காந்தாத்தானே விழறதுக்குன்னு விட்டுட்டாங்க போல.

இந்த ஆராய்ச்சிக் கட்டடத்தை வரைஞ்சதே நீங்கதானே? நல்லாத்தான் வரைஞ்சீங்க. கீழ கணக்கு, நடுவுல இந்த டீக்கூடம், மேல பூச்சி, அதுக்கும் மேல பழைய மொழி. யாரு எங்க போனாலும் என்னைத் தாண்டித்தான் போகணும். எல்லாத் துறையும் இங்க கூடும், பேசும், புதுசா என்னமோ பிறக்கும்னு திறப்பு விழாவுல சொன்னீங்க. பிறந்துச்சு, தூசி.

இப்ப நீங்களே தடுப்புச் சுவருக்கு அளவெடுக்க வந்திருக்கீங்க. இந்தக் கூடம் எட்டு அறையாகுதாமே. என்னை அடித்தளத்து ஸ்டோருக்கு மாத்தி உத்தரவு வந்தாச்சு, இதோ. அங்க பேச்சுத் துணைக்கு ஒரு பழைய ஃபேன் இருக்கு. அதுவும் ஓடாது. என்ன? திங்கக்கிழமைக்குள்ள நாலு பேர் வந்து உக்காந்தா விட்டுடுவாங்களா? யாரு வருவா...

முதல்ல வந்தாங்க, இல்லேங்கல. பூச்சி வாத்தியாரு டீயைத் தொட்டு மேசையில எறும்பு போற வழியை வரைவாரு. கணக்கம்மா எட்டிப் பாத்து, இது எங்க கணக்காச்சேன்னு மேலயே கோடு போடும். மொழி ஐயா சும்மா இருப்பாரா? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின எறும்பைக் கூட்டிட்டு வந்துருவாரு. ஒரு மேசையை எத்தனை தடவைதான் துடைக்கிறது, சொல்லுங்க.

அப்புறமா? அப்புறம்... ஐயாவுக்கு முட்டிவலி. பாவம், ரெண்டு மாடி. மாடிக்கு ஒரு கெட்டில் வச்சா என்னன்னு யாரோ எழுதிப் போட்டாங்க. ஒருத்தருக்குக் கொடுத்து இன்னொருத்தருக்கு இல்லேன்னா முகத்தைத் தூக்குவாங்கன்னு எல்லா மாடிக்கும் வந்துச்சு, இங்க வர்றது நின்னுச்சு. லிஃப்ட் இருக்கேன்னா? இருக்கு. ஓடுது. ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி, நான்தான் எழுதினேன். மேசை கொஞ்ச நாள் சுத்தமா இருக்கட்டுமேன்னு. இப்ப பாருங்க, இதுல முகம் பாத்துத் தலை வாரலாம்..."

கட்டடத்தை வரைந்தவர் அடிக்காத கைப்பேசியைக் காதில் வைத்தபடி வெளியே போயிருந்தார்.

டீக்கூடத்துக்காரி வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். பிறகு கீழ்மாடிக்கும் போனாள். திரும்பி வந்தபோது வாளி கனத்தது. துடைக்கும் துணிக்கு அடியில் மூன்று கெட்டில்கள் இடித்துக்கொண்டன.

டீ மெஷினைப் போட்டாள். மாற்றல் உத்தரவை நாலாக மடித்து, ஆடும் நாற்காலியின் காலுக்கடியில் செருகினாள்.