‘உய்ங்’ சத்தம் கேட்காத ஃபோர்மேன்

தலைமையேற்றிருக்கும் பட்டறைத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கண்ணீரோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கையில் கிரீஸ் கறை போகாமலே ஓடிவந்திருக்கும் என் தோழர்களே, வாடிக்கையாளர்களே! அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் இல்லை. அழ வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. மன்னியுங்கள். அவர் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்து, அவர் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டியே என் பாதி ஆயுசு போய்விட்டது! என்ன பிடிவாதம் அது! பாறையில் முட்டினால்கூட ஒரு சில்லாவது பெயரும்!

அந்தப் பிடிவாதம் ஒரே ஒரு முறை தோற்றதைப் பார்த்தவன் நான். மூன்றாம் வரிசையில் இருக்கும் டீச்சரம்மாவும் அதற்குச் சாட்சி.

டீச்சரம்மா காரில் ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ‘உய்ங்’ என்று ஏறும் சத்தம். “காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி இருக்குங்க” என்றார். அண்ணன் பானட்டைத் திறந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். “ஒரு சத்தமும் இல்லம்மா. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது” என்றார்.

எனக்குக் கேட்டதே! தள்ளி நின்ற எனக்கே பல் கூசியதே! “அண்ணே, பெல்ட் பக்கம் கத்துதுண்ணே” என்றேன். “வயர் முறுக்குறவன் எனக்கு இன்ஜின் பாடம் எடுக்கிறியா?” என்றார். டீச்சரம்மா மறுபடி வந்தார். மறுபடி அதே பதில். இன்னொரு முறையும் வந்தார். “அது உங்க பிரமைம்மா” என்று அனுப்பிவிட்டார். ஸ்பானரைத் தரையில் வீசிவிட்டு நான் வெளியே போனேன். வேறென்ன செய்வது?

அந்த வாரமே, டீச்சரம்மா பிள்ளைகளோடு வீடு திரும்பும் வழியில், ஒரு வளைவில், ஸ்டீயரிங்குக்கும் விசை தரும் அந்தப் பெல்ட் அறுந்தது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. கார் ஒரு மதிலை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை, யார் செய்த புண்ணியமோ!

அண்ணனும் நானும் ஓடினோம். பெல்ட் ஓடும் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தார். ஒன்று மட்டும் அசையவில்லை. உள்ளே பேரிங் தேய்ந்து இறுகிக் கிடந்தது.

“இது பல நாளாக் கத்தியிருக்கணுமேடா” என்றார்.

“கத்துச்சுண்ணே. உங்களைத் தவிர எல்லாருக்கும் கேட்டுச்சு.”



வீட்டில் அண்ணன் டிவியை அலறவிடுவதைப் பல நாளாகச் சொல்லிச் சொல்லி அலுத்த அண்ணி, இதைக் கேட்டபின் விடுவாரா? காது டாக்டரிடம் இழுத்துப் போனார். கீச்சென்று ஏறும் ஒலிகள் அண்ணன் காதுக்கு எட்டவே இல்லை. காலமெல்லாம் இன்ஜின் பக்கத்தில் நின்றவருக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்!

மறுநாள் அவர் முதலில் போனது டீச்சரம்மா வீட்டுக்கு. “பிரமை உங்களுக்கில்லம்மா, எனக்குத்தான்” என்றார். பிறகு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். “டேய், அந்த மாதிரி சத்தம் எனக்குக் கேக்காது. இனிமே நீங்க கேட்டுச் சொல்லுங்க, நான் தொட்டுக் கண்டுபிடிக்கிறேன்.”

எத்தனை ஃபோர்மேனுக்கு இந்தத் தைரியம் வரும்? சொல்லுங்கள்!

அன்று முதல் அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் எழும்போது கையைத் தூக்குவேன். அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் இன்ஜினை ஓடவிடுவார். சத்தம் நின்றதென்றால் கோளாறு வெளிச் சக்கரங்களில், நிற்கவில்லையென்றால் இன்ஜினுக்குள்ளே. கண்டுபிடித்ததும், “பார்த்தியா, நான்தான் கண்டுபிடிச்சேன்” என்பார். அங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டார்!

இப்படி ஊரார் சொல்லையெல்லாம் நம்பக் கற்றுக்கொண்ட மனிதர், போன வாரம் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். “ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கண்ணே” என்று கெஞ்சினேன். “வெறும் வாயுடா. போய் உன் வேலையப் பாரு” என்றார். என் கண்ணெதிரே சாய்ந்தார். கோபம் வராதா எனக்கு?

தோழர்களே! திங்கட்கிழமை பட்டறையைத் திறக்கிறோம். ‘சத்தம் வருது’ என்று யார் வந்தாலும், நமக்குக் கேட்காவிட்டாலும், அவரை ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டிப் பார்ப்போம். நம்மில் எவன் நெஞ்சைப் பிடித்தாலும், எவ்வளவு திட்டினாலும், அவனிடம் அனுமதி கேட்க மாட்டோம். தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்!

எழுந்து நின்று, அண்ணி காதில் விழும்படி சொல்லுங்கள்: போவோம்!