மருந்து போடாத பனீர்

வெள்ளவத்தையில் நான் பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டிலிருந்த பெண் சொன்னார்: “மருந்து போட்டிருந்தா மருமகளின்ர வயித்தில இருந்த என்ர பேரப்பிள்ளை தப்பியிருக்கும், அக்கா.”

பக்கத்திலிருந்த அக்கா திரும்பினார். “வயித்துப் பிள்ளைக்கு ஆர் மருந்து போடுறது?”

“பிள்ளைக்கில்லை, நான் செய்து விக்கிற பனீருக்கு. முந்தி கிருமி வளராம ஒரு பவுடர் கலக்கிறனான். கெமிக்கல் வேண்டாமெண்டு சனம் கேட்டுது, நிப்பாட்டினன். ‘மருந்து போடாதது’ எண்டு லேபிளும் அடிச்சன்.”

“பால் காய்ச்சினா கிருமி சாகும்தானே?”

“பிறகு கை படுது, துணி படுது. பிரிட்ஜுக்குள்ளயும் வளருமாம். அதைச் சாப்பிட்ட மருமகளுக்குக் காய்ச்சலோட போச்சுது. பிள்ளைதான் இல்லை.”

வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கு அந்த லேபிளைத் தேடி வாங்குகிறவன் நான். ஐம்பது வயது ஆம்பிளைக்குக் கர்ப்பம் இல்லையென்று தெரிந்தும், வயிற்றைத் தடவிப் பார்த்தேன்.

அக்கா அந்தப் பெண்ணின் மடியிலிருந்த பையைக் காட்டினார். “அப்ப இது?”

“நாளைக்கு வெள்ளியெல்லோ, கடைக்குக் குடுக்கிற பனீர் ஓடர். சட்டி, துணியெல்லாம் அவிச்சு, பவுடரும் போட்டனான்.”

“லேபிள்?”

“‘மருந்து போடாதது’ எண்ட பழைய லேபிள்தான். மருந்து போட்டது எண்டு ஒட்டினா, நீங்கள் வாங்குவீங்களோ?”