ஜமுனாவின் குரலுக்குப் பின்னால்

வண்டியில் பாட்டு கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்கள். போனில் சத்தத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு ஸ்டீரியோவில் ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்டீரியோ பாட்டோடு சேர்த்து இரைச்சலையும் பெரிதாக்கும். போனை முக்கால்வாசிக்கு ஏற்றிவிட்டு, வேண்டியதை ஸ்டீரியோவில் கூட்டிக்கொள்ள வேண்டும். சவாரிக்கு வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஐயா, என் பெயர் தமிழ்வேந்தன். பழவேற்காட்டில் சொந்த வேன் ஓட்டுகிறேன். பழைய வண்டிதான். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றுவேன், ஆரம்பாக்கத்தில் கல்யாணம் என்றால் அதற்கும் போவேன். என் மனைவி இந்திராணி காட்டுப்பள்ளியில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், ஜமுனா.

போன ஐப்பசியில் ஜமுனா இறந்துபோனாள். தீபாவளி லீவுக்கு, ஏரிக்கு அக்கரையில் தீவாக இருக்கும் பசியாவரத்தில் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தாள். என் மாமனார் கண்ணப்பன் நண்டு வலை எடுக்கப் போகும்போது அவளையும் படகில் ஏற்றிக்கொண்டார். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வாடைக்காற்று ஏறி, படகு கவிழ்ந்தது. மாமா கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். அவள் கையை அலை பிடுங்கிக்கொண்டது என்றார். மறுநாள்தான் அவள் கிடைத்தாள்.

படகு கவிழ்வதற்குச் சற்று முன்னால், மாமாவின் போனிலிருந்து அவள் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். “நைனா, நண்டு நெறைய மாட்டிகிச்சு. காத்து ஜாஸ்தியா கீது. தாத்தா, போலாம் தாத்தா.” அதற்குப் பிறகு, காற்று இரைச்சலுக்குள் மாமா ஏதோ சொல்கிறார். அத்தோடு முடிந்துவிடும்.

எனக்கு அது “சும்மா குந்து” என்று கேட்டது. ஆனால் காரியத்துக்கு வந்த இடத்தில், நான் ஒன்றும் கேட்காமலேயே மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, படகைத் திருப்பிவிட்டேன், அதை உன்னிடம் சொல்லும்படி குழந்தையிடம் சொன்னேன் என்றார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவரை என்னால் நம்ப முடிவதில்லை.

ஹெட்போனில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டேன். ஆனால் நான் ஒருவன் மட்டும் கேட்டு என்ன பிரயோஜனம்? அவரும் நானும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு வண்டிதான் சரி. ஜமுனா எப்போதும் முன் சீட்டில் உட்கார்ந்துதான் பாட்டு கேட்பாள்.

ஒரு நாள் மாமாவைச் சந்தைக்குக் கூட்டிப்போகும்போது, போனை ஒயரில் சொருகிப் போட்டுக் காட்டினேன். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு இரைச்சல் கூடவே ஏறியது. மாமா காதைச் சாய்த்துப் பார்த்தார். “ஒண்ணும் பிரியல மாப்ள. வண்டு கத்துற மாதிரி கீது” என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது என்று எனக்குப் பட்டது.

அதன் பிறகு அந்த இரைச்சலை எடுக்கும் வேலையில் இறங்கினேன். பொன்னேரியில் ஹேமந்த் என்று ஒரு பையன் ஸ்டீரியோ கடை வைத்திருக்கிறான். சார்ஜரும் ஸ்டீரியோவும் ஒரே பேட்டரியில் இருக்கின்றன, எர்த் இரண்டு வழியாகச் சேர்வதால் இன்ஜின் சத்தம் உள்ளே வருகிறது என்று சொன்னான். சார்ஜரைப் பிடுங்கியதும் பாதி இரைச்சல் போனது. மீதிக்கு நடுவில் ஒரு சின்ன டப்பா போட்டுக் கொடுத்தான். கீச்சு நின்றது, ஆனால் மாமாவின் குரலில் இருந்த கனமும் கூடவே போய்விட்டது. புளூடூத்தில் ஒயரே வேண்டாம். அதில் காற்றும் அவர் குரலும் ஒன்றாகக் குழைந்து கேட்டன. கடைசியில் டப்பாவைக் கழற்றிவிட்டுப் பழைய ஒயருக்கே வந்தேன். இன்ஜினை நிறுத்தினால் சத்தம் நன்றாக இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன்.

வீட்டு வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இந்திராணி ஒருநாள் வந்து கதவைத் திறந்தாள். அவள் கோபப்படவில்லை. “கொழந்தைய அந்தப் பொட்டிலேர்ந்து வுட்டுடுயா” என்றாள். அவளுக்கு இந்த விஷயங்களில் அவ்வளவு பிடிப்பு கிடையாது.

போன வாரம் காலையில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. படகில் போட்டு இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். என் வண்டிதான் கிட்டத்தில் நின்றது. முன் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்தேன். கூட வந்த என் மாமியார் தேவகி அத்தையும் ஏறப் பார்த்தார்கள். நான்தான், வீட்டுக்குப் போய் ஆதாரும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். கட்டினவர் மேல் உள்ள பாசம், கூட வந்தால் அழுதுகொண்டே வருவார்கள். அழுகைக்கு நடுவே எதுவும் கேட்காது. இந்திராணிக்கு போன் செய்து, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்று சொன்னேன்.

திருப்பாலைவனம் தாண்டியதும் அறுப்பு முடிந்த வயல்களுக்கு நடுவே ஒரு மண்பாதை பிரியும். அதில் திருப்பி, கருவேல மரங்களின் மறைவில் நிறுத்தினேன்.

“இன்னாத்துக்கு நிறுத்துன மாப்ள?”

“ஒண்ணு கேக்கணும் மாமா. இப்ப நல்லா கேக்கும்.”

இன்ஜினை அணைத்தேன். சார்ஜரைப் பிடுங்கினேன். டேஷ்போர்டில் இருந்த சின்ன ஃபேனை நிறுத்தினேன். ரோட்டில் லாரி போகும் சத்தம் வந்ததால் கண்ணாடிகளை ஏற்றினேன். கால் வரும்போது ஸ்பீக்கர் டிடிடி என்று அடிக்கும், அதனால் போனை ஏரோபிளேன் மோடில் போட்டேன். இந்திராணி பலமுறை கூப்பிட்டும் கிடைக்காமல் போனது அதனால்தான். வேண்டுமென்றே அவளைத் தவிக்கவிட்டேன் என்று எழுத வேண்டாம்.

முதல் தடவை ஜமுனா மட்டும்தான் எங்களுக்குக் கேட்டாள். மாமா அழுதார். இரண்டாவது தடவை அவர் குரலும் கேட்டது. எந்தச் சந்தேகமும் இல்லை. “தோ, திருப்பிட்டேன் கண்ணு. நைனாகிட்ட சொல்லு.”

அவர் என்னைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து காதுக்குள் இறங்கியது. “கேட்டியா மாப்ள? அதத்தான் அன்னிக்கே சொன்னேன்” என்றார். பிறகு, “இப்ப போலாமா” என்றார். கெஞ்சவில்லை. கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார் போலிருக்கிறது.

இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்றேன். அவசரத்தில் முடிவுக்கு வருகிற ஆள் இல்லை நான். ஆனால் இந்த முறை அவர் மூச்சு குறுக்கே வந்தது. இழுத்து இழுத்து, உலைத்துருத்தி மாதிரி. சரியாக அவர் குரல் வரும் இடத்தில் அது வந்து விழுந்தது. கொஞ்சம் மெதுவாக விடுங்கள் மாமா என்று கேட்டுக்கொண்டேன். முயற்சி செய்தார். அதை நான் மறுக்கவில்லை. முடியவில்லை.

அவர் தோளில் துண்டு இருந்தது. அதை மடித்து அவர் வாயிலும் மூக்கிலும் வைத்தேன். அழுத்தவில்லை என்று இன்று காலையில் உங்கள் ஏட்டய்யாவிடம் சொன்னேன். அது தவறு. அழுத்தினேன். இன்னொரு கையால் பட்டனைத் தட்டித் திரும்பத் திரும்பப் போட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார், வலுவாக இல்லை. பிறகு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வண்டிக்குள் வந்த அமைதியை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

அந்த அமைதியிலும் அவர் அதையேதான் சொன்னார். “தோ, திருப்பிட்டேன் கண்ணு.” போனில் சார்ஜ் தீரும்வரை கேட்டேன். பிறகு துண்டை அவர் தோளில் போட்டு, வண்டியைக் கிளப்பி, பொன்னேரிக்குக் கொண்டுபோனேன். வாசலில் இந்திராணி நின்றிருந்தாள். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்டாள். ஒரு வாரம் ஆகியும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உங்களிடம் வந்தேன்.

நடந்தது இதுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றால் போடுகிறேன். போனை நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதை அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒயர் மட்டமானது, ஐயா. நல்ல ஒயராகப் போட்டுக் கேளுங்கள், மாமா “சும்மா குந்து” என்று சொல்வது உங்களுக்கே கேட்கும்.