நிற்கிற இடத்துக்குப் பாஸ்

சிரம்பானிலிருந்து கோலா பிலா போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருவர். மூத்தவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"இனி நான் ஆடல தம்பி. நேத்து அவன் ஆளே இல்லாத இடத்துக்குப் பந்த அனுப்பினான்."

"யாருண்ணே, அந்த மாநில ஃபுட்பால் ஆட்டக்காரனா?"

"அவன்தான். நட்புமுறை ஆட்டம்னு நம்ம எஸ்டேட் டீமோட சேந்து ஆட வந்தான்ல. மூணு தடவ எனக்குப் பாஸ் குடுத்தான். மூணும் வெளிய போச்சு. நான் அவனத் திட்டிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'சாரி அங்கிள், நீங்க அங்க ஓடி வந்திருப்பீங்கன்னு நெனச்சேன்'னான்."

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. என் மடியிலிருந்த புத்தகத்தில் அதன்பிறகு ஒரு பக்கமும் நகரவில்லை.

"சிரிக்காதடா. பதினஞ்சு வருசமா நான்தான் கேப்டன். இப்ப என் பொண்டாட்டியே, 'அங்கிள், சாப்பிட வாங்க'ங்கறா."

"ஆனா அது நல்ல பாஸ்தாண்ணே."

"தெரியும்லா. வீட்டுக்குப் போனப்புறம்தான் புரிஞ்சுது. அதான் ஆடலங்கறேன்."

"ஞாயித்துக்கிழம லிங்கி எஸ்டேட் டீமோட ஆட்டம் இருக்கே. நீங்க இல்லாம எப்படி?"

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. மூத்தவர் தைலப் புட்டியை மூடி, எழுந்து, இரண்டடி நொண்டி நடந்து, திரும்பினார்.

"வர்றேன். ஆனா நீ அவன மாதிரி பாஸ் குடுக்காத. நான் நிக்கிற இடத்துக்கே குடு."