மேல் மாடிக்கு மூணு சக்கரம்

– அவ்வளவு அழுத்தாதீங்க மாஸ்டர். அது பானை வனையற மண்ணு, உங்க பேக்கரி மாவு இல்ல.

– மாவா இருந்தா என்ன, மண்ணா இருந்தா என்ன டீச்சர்? அழுத்தினா மோட்டார் திணறுதா இல்லையா, அதான் கேள்வி. இங்க பாருங்க, என் உடம்புக் கனத்தையே இறக்கிட்டேன். நிக்குதா? நிக்கல. கும்முனு சுத்துது.

– சுத்துது, சரி. சத்தம்?

– லேசா முனகுது. வேலை செய்யற எதுவும் கொஞ்சம் முனகத்தான் செய்யும். நானே முனகுவேன்.

– இதுல பெல்ட் இருக்கு, அதனால வர்ற முனகல். அந்தப் பக்கம் பாருங்க, வெள்ளைத் தட்டு போட்ட சக்கரம், அதுல பெல்ட்டே கிடையாது. சுத்தறதே தெரியாது. நான் அதையே எடுத்துடலாம்னு பாக்கறேன்.

– விலையைக் கேட்டீங்களா?

– கேட்டேன். கையில இருக்கறதுக்கு அதுல ரெண்டுதான் வரும்.

– இதுல?

– மூணு.

– அப்புறம் என்ன யோசனை? மூணு டீச்சருங்க சேந்து ஒரே ரூம்ல பானை வகுப்பு எடுக்கறீங்க. வர்றவங்க பாதிப் பேர் கையில மண்ணை உருட்டிட்டு, எப்படா நம்ம முறை வரும்னு காத்துட்டு நிக்கறாங்க. அப்ப, ரெண்டு போதுமா உங்களுக்கு?

– போதாதுதான்.

– உங்க வகுப்புல ஒரு இடது கைக்காரர் இருக்காரே, அவருக்குத் திருப்பிச் சுத்தணுமே. இது சுத்துமா?

– சுத்தும். இந்த பட்டனைத் தட்டினா திசை மாறிடும். உயரமும் ஏத்தலாம், முட்டி வலிக்காரங்களும் குனியாம உக்காரலாம். எல்லாம் இருக்கு. குறைன்னு சொன்னா அந்தச் சத்தம் ஒண்ணுதான்.

– டீச்சர், அதையே ஏன் பிடிச்சுட்டுத் தொங்கறீங்க?

– உங்களுக்காகத்தான் மாஸ்டர். ராத்திரி பூரா அடுப்பு முன்னாடி நின்னு ரொட்டி சுட்டுட்டு வர்றீங்க. முதல் மாடியில வந்து தலையைச் சாய்ச்சா, உங்க தலைக்கு நேர் மேல எங்க சக்கரம். இத்தனை நாள்ல மேல ஏறி வந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. மண் தண்ணி ஒழுகி உங்க சமையலறையில சொட்டினப்பகூட, அடியில ஒரு வாளியை வெச்சுட்டுப் பேசாம இருந்துட்டீங்க.

– வாளி வெச்சது வீட்டுக்காரி. நான் தூங்கிட்டிருந்தேன்.

– சமாதானம் சொல்லாதீங்க. இன்னிக்கும் தூங்கற நேரத்துல வேனை எடுத்துட்டு எங்களுக்காக வந்து நிக்கறீங்க.

– வேன் சும்மா நிக்குது. நானும் சும்மா நிக்கறேன். இதுல என்ன?

– அக்கா கால் எப்படி இருக்கு? நடக்கறாங்களா?

– வீட்டுக்குள்ள ஜோரா நடக்கறா. எலும்பு நல்லாக் கூடிருச்சு, படி ஏறலாம், இறங்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார். வாசல் வரைக்கும் வருவா. தான் விழுந்த படியைப் பாப்பா. கைப்பிடியை ஒரு தடவை தொடுவா. ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’னு உள்ள போயிடுவா. நான் பிடிச்சுக்கறேன் வாம்மான்னு கெஞ்சிப் பாத்துட்டேன். ஊஹூம்.

– வலியை விட பயம் பெரிசு மாஸ்டர்.

– அதேதான். சரி, ஒண்ணு பண்ணுவோம். நாள் பூரா வீட்டுல முழிச்சிருக்கறவ அவ. சத்தத்தைக் கேக்கறவளையே கேட்டுடுவோம். இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். ஏம்மா, நான்தான். ஒரு சத்தம் காட்டறேன், எப்படி இருக்குன்னு சொல்லு.

– என்னங்க சத்தம்? வேனை எங்கயாவது இடிச்சுட்டீங்களா?

– அட, இல்லம்மா. டீச்சர், பெடலை மிதிங்க. ஆங். கேக்குதா?

– கேக்குது. நம்ம மேல் வீட்டுச் சத்தம் மாதிரியே இருக்கு. நடுவுல வர்ற டொக்கு டொக்கு மட்டும் இல்ல.

– அது பழைய சக்கரத்தோட சீக்குக்கா. தட்டு கோணிப் போச்சு.

– டீச்சரா? நல்லா இருக்கீங்களா?

– நல்லா இருக்கேன்க்கா. இப்ப இன்னொரு சக்கரம், கேளுங்க.

– ம், போடுங்க.

– போட்டாச்சுக்கா.

– எங்க? ஒண்ணும் கேக்கலையே.

– அதான்க்கா! சுத்திட்டுதான் இருக்கு. இதை வாங்கினா மாஸ்டர் நிம்மதியாத் தூங்கலாம்.

– அவரா? அவர் விடற குறட்டையைத் தாண்டி உங்க சக்கரம் என் காதுல விழறதே பெரும்பாடு. அவருக்காகப் போய் நீங்க ஊமைச் சக்கரம் வாங்கறீங்களா?

– ஏம்மா, ஸ்பீக்கர்ல இருக்கு. கடைக்காரர் சிரிக்கறார்.

– சிரிக்கட்டும். டீச்சர், முதல்ல போட்டீங்களே, அதையே வாங்குங்க.

– உங்களுக்குத் தொந்தரவா இருக்காதாக்கா?

– காலைல இவர் வந்து படுத்துடுவார். டிவி போட முடியாது, போன்ல பேச முடியாது, கரண்டியக்கூட மெல்ல வெக்கணும். கால்ல கட்டோட கெடந்தேனே, அப்ப மேல உங்க சக்கரம் சுத்த ஆரம்பிக்கும். யாரோ சிரிப்பாங்க. யாரோ ‘அய்யய்யோ, போச்சு’ம்பாங்க. எதோ ஒண்ணு பொத்துனு விழும். எனக்கு ஆள் துணைக்கு வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கும். பழைய சக்கரம் ரெண்டும் ரிப்பேர்னு போன வாரம் நிறுத்தி வெச்சீங்க பாருங்க, பகல் நகருவேனான்னுது.

– அய்யோ அக்கா, நான் வேற மாதிரியில்ல நெனச்சேன்.

– என்ன நெனச்சீங்க?

– கீழ ரெண்டு பேர் பல்லைக் கடிச்சுட்டு நம்மளைப் பொறுத்துக்கறாங்கன்னு நெனச்சு, ஒவ்வொரு வகுப்புலயும் ‘மெல்ல, மெல்ல’ன்னு எல்லாரையும் அடக்கிட்டே இருந்தேன்.

– அடக்காதீங்க. நல்லாச் சிரிக்கச் சொல்லுங்க.

– சரி, அப்ப மூணு. பேச்சு முடிஞ்சுது. ஆனா டீச்சர், அகலத்தைப் பாத்தீங்களா? தண்ணி தெறிக்காம இருக்க, சுத்தி ஒரு தொட்டி வேற கட்டியிருக்கான். உங்க கதவுல நுழையுமா?

– அதான் எனக்கும் உதைக்குது. இரட்டைக் கதவுல ஒரு பக்கம் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு, திறக்காது. இன்னொரு பக்கம் எவ்வளவு அகலம்னு ஞாபகம் வரல. இன்னிக்கு வகுப்பும் இல்ல. யாராவது அங்க இருந்தா வாசலை அளந்து சொல்லச் சொல்லலாம்.

– ரெண்டு மாடி தூக்கிட்டுப் போய், வாசல்ல மாட்டிக்கிச்சுன்னா திருப்பி இறக்கணும். என் இடுப்பு என்கூட வராது.

– சரிங்க, நான் வெக்கறேன். கொஞ்சம் வேலை இருக்கு.

– ஏம்மா, இரு... வெச்சுட்டா. எப்பவும் இப்படித்தான், பாதிப் பேச்சுல.

– மாஸ்டர், உங்களுக்கும் அக்காவுக்கும் நான் எப்படி நன்றி...

– நீங்க சொல்லாதீங்க டீச்சர். நான் சொல்றேன். அன்னிக்கு சாயங்கால வகுப்பு நேரத்துல அவ விழுந்தப்ப, நான் பேக்கரிக்குப் போயாச்சு, மாவு பெசஞ்சுட்டிருந்தேன். மெஷின் சத்தத்துல போன் அடிச்சதே தெரியல. உங்க வகுப்பு ஆளுங்க கையைக்கூடக் கழுவாம ஓடி வந்து, அவளை நாற்காலியில உக்கார வெச்சு, அலுங்காம இறக்கிக் கொண்டு போயிருக்காங்க. ஆஸ்பத்திரியில நர்ஸ் கேக்கறாளாம், ‘வயல்ல விழுந்தீங்களா?’ன்னு. துணி பூரா மண் கைத்தடம்! அந்த வலியிலயும் சிரிச்சாளாம் இவ. நான் போய்ச் சேர்றதுக்குள்ள கட்டுப் போட்டு முடிச்சாச்சு. அவ தலைமாட்டுல நீங்க உக்காந்திருந்தீங்க. அவ கை உங்க கையில இருந்துது. அதை நான்... விடுங்க. கண்ணுல மாவு விழுந்துட்டுது.

– இங்க மாவு எங்க இருக்கு மாஸ்டர்? மண்ணுதான்.

– ஏதோ ஒண்ணு.

– உங்க போன் அடிக்குது.

– அவதான். சொல்லும்மா, ஸ்பீக்கர்லதான் இருக்க. என்ன, இப்படி மூச்சு வாங்குது?

– ஒண்ணுமில்ல. கதவு என் கையால மூணு சாண், அதுக்கு மேல நாலு விரல். சக்கரம் எவ்வளவு?

– இரு. டீச்சர், அந்த முனையைப் பிடிங்க. ம்... ரெண்டரை சாண்.

– உங்க கை முறம் மாதிரி இருக்கும். என் கையால எவ்வளவு வரும்?

– மூணு சாணுக்கு மேல ஒரு விரல் வரும்.

– அப்ப தாராளமா நுழையும். தைரியமா வாங்குங்க.

– என்ன நுழையும்? நீ நம்ம வீட்டுக் கதவை அளந்துட்டுச் சொல்ற. டீச்சரோட கதவு வேற மாதிரிம்மா.

– நம்ம வீட்டுக் கதவை நான் எதுக்குங்க அளக்கறேன்? டீச்சர் வாசல்லதான் உக்காந்திருக்கேன். படி ஏறிட்டேன், இறங்கறதுக்குத்தான் உங்க கை வேணும், மூணு சக்கரத்தையும் ஏத்திட்டுச் சீக்கிரம் வந்து சேருங்க.