சன்னல் சாத்திய அறை

கடிகாரத்தைப் பார்த்தபடி என் பேச்சுக்குக் கடிவாளம் பிடித்திருக்கும் தலைவர் அவர்களே! ஊசி முனையால் உலகுக்கே உடுப்புத் தைக்கும் உழைப்பாளிகளே! பெரியோர்களே! வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் மருத்துவமனைச் செவிலி வணங்குகிறேன்.

காசநோயைப் பற்றிப் பேச வந்தேன். அடடா, பெயரைச் சொன்னதுமே முன்வரிசையில் ஒரு கை மூக்கைப் பொத்துகிறதே! ஐயா, நான் இன்னும் இருமவே இல்லை!

உங்கள் தையற்கூடத்தில் துணி வெட்டும் அறைச் சன்னலைத் திறப்பீர்களா? மாட்டீர்கள். காற்றடித்தால் அடுக்கிய துணி நகரும், அளவு பிசகும். துணிக்குப் பட்ட கவலையை நுரையீரலுக்குப் பட்டோமா? கட்டிங் மாஸ்டர் இருமினார். கிருமி வெளியேற வழியின்றி அங்கேயே மிதந்தது. பக்கத்தில் துணி விரித்த அவர் தங்கையின் மூச்சில் நுழைந்தது.

உடனே வீழ்ந்தாளா? இல்லை! உடல் படை திரட்டியது, வளைத்தது, சிறை வைத்தது. பலருக்கு அந்தச் சிறை கடைசிவரை உடைவதில்லை. இவளோ பிள்ளை பெற்று, அரை வயிறு உண்டு, ஓய்வின்றி உழைத்தாள். உடைந்தது. மாலையில் காய்ச்சல், சளியில் இரத்தம். மாஸ்டர் மருந்து தின்று தேறிவிட்டார். தங்கையோ பாதியில் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

ஏன் என்று கேட்டேன். “கொழந்தையத் தர மாட்டேங்கறாங்க, அக்கா. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்கறாங்க. நான் யாருக்காகப் பொழைக்கணும்?” என்றாள். பாதியில் விட்டால் மிச்சக் கிருமி மருந்துக்கே அடங்காது என்று கெஞ்சினேன், திட்டினேன், மறுபடி விழுங்க வைத்தேன்.

பேரனைக் காக்க நினைத்த அவள் மாமியாரை நான் குறை சொல்லேன். குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுத்தாயிற்று. அவள் சளியைச் சோதித்தாயிற்று. இனி அவளிடமிருந்து நோய் பரவாது என்று மருத்துவரே சொல்லிவிட்டார். மாத்திரை மட்டும் முடியும்வரை தொடர வேண்டும். இதையெல்லாம் சபையில் சொல்லச் சொன்னவளே அவள்தான். அதோ, மேடை ஓரத்தில் நிற்கிறாள்.

தோழர்களே, ஒதுக்கினால் நோயாளி ஒளிவார்; ஒளிந்தால் மருந்து நிற்கும்; மருந்து நின்றால் நோய் நம் எல்லார் வீட்டுக்கும் வரும்! அணைத்தால்? அணைத்தால் அவள் பிழைப்பாள்!

யாரங்கே எழுவது? பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாமியாரா? வழி விடுங்கள்! அம்மா, மெதுவாக, படி இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

“புடிடி இவனை. உன்னைத் தேடி அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு. மாத்திரைய மட்டும் விட்டே, உன்னைச் சும்மா விடமாட்டேன்!”

இதற்குமேல் நான் பேசினால் நீங்களே என்னை இறக்கிவிடுவீர்கள். கேட்ட செவிகளுக்கும் கொடுத்த கைகளுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன், வணக்கம்!