மூகசபை

இல்ல தம்பி, பிழையெல்லாம் இல்ல. மூகசபை. அப்படியேதான் வெட்டணும். எந்த ஊரு சபைன்னு திரும்பத் திரும்பக் கேட்டீங்கன்னா எனக்குச் சிரிப்பு வந்துடும். கல்லறைக்குக் கல்லு சொல்ல வந்த இடத்துல சிரிச்சா நல்லாவா இருக்கும்? நாலு வார்த்தையோட முதல் எழுத்து அது. தலையெழுத்துன்னே வெச்சுக்குங்களேன். நடுவுல இடம் விட வேண்டாம், புள்ளியும் வேண்டாம். ஒட்டி ஒட்டி வெட்டுங்க.

இந்த ஸ்டூல்ல உக்காரலாமா? தூசியா இருந்தா என்ன, எங்க வீட்டுல இல்லாத தூசியா.

எங்க வீட்டுக்காரருக்கு ரோமானியக் காசு சேர்க்கற பழக்கம். உடனே தங்கம், வெள்ளின்னு போயிடாதீங்க. அந்தக் காலத்துல ரொட்டி வாங்கின சில்லறைங்க அது. ஆயிரத்து அறுநூறு, எழுநூறு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து, பச்சைப் பசேல்னு, யாரோ மாத்திரையைக் கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கும். ஒரு ஜோடிச் செருப்பு விலைக்கு ஒரு பொட்டலம் வரும். அதை என்னோட நல்ல கண்ணாடிக் கிண்ணத்துல ஆலிவ் எண்ணெய் ஊத்தி ஊறப் போடுவார். வீட்டுக்கு வந்த சம்பந்தி, தொட்டுச் சாப்பிட ஏதோ வெச்சிருக்கோம்னு ரொட்டியை முக்கிட்டார். நல்ல வேளை, காசுல தலை போட்டிருக்கற ராஜா எவனும் வாய்க்குள்ள போகல. என் பல்லு தேய்க்கற பிரஷ் ஒரு நாள் காணாமப் போச்சு. அதுவும் ராஜா சேவைக்குத்தான்.

திட்டறதுக்குன்னு கிட்டப் போனேன் தம்பி, மாட்டிக்கிட்டேன். நான் எட்டாவதோட நின்னவ. ஆனா ஓரத்தைச் சுத்தி எழுத்து இருக்கு பாருங்க, அது விடாது. இடம் பத்தாதுல்ல, அதனால எல்லா வார்த்தையையும் பாதியில வெட்டி, இடைவெளி இல்லாம எழுதியிருப்பாங்க. எது எங்க முடியுதுன்னு நாமதான் பிரிச்சுக்கணும். நிறைய காசுல முதல்ல டி, என் அப்படின்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்து வரும். அதுக்கு நம்ம ஆண்டவர்னு அர்த்தம்னு அவர் புஸ்தகத்துல போட்டிருந்தது. நான் விடுவேனா? அந்தக் காசைத் தேய்ச்சுக் கழுவி, ஜெபம் பண்ற மேஜையில வெச்சுட்டேன். பையன் வேலைக்கு, பொண்ணு பிரசவத்துக்கு, எல்லாத்துக்கும் அது முன்னாடிதான் முழங்கால் போட்டேன்.

ரொம்ப நாள் கழிச்சு அவர் பாத்துட்டு, அடிப்பாவி, அது ஆண்டவர் இல்ல, அந்த ராஜா தனக்குத்தானே வெச்சுக்கிட்ட பட்டம், இவன் சொந்தக்காரங்களையே தீர்த்துக் கட்டினவன்னு சொல்றார். எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. ஆனா பாருங்க, பையனுக்கு வேலை கிடைச்சுது, பொண்ணுக்குச் சுகப் பிரசவம். மனு தப்பான ஆபீசுக்குப் போனாலும், அங்க யாரோ நல்லவங்க சரியான இடத்துக்கு அனுப்பி வெச்சிருக்காங்க.

இன்னொரு காசுல நல்ல காலம் திரும்பி வந்தாச்சுன்னு எழுதியிருக்கும். படம் என்னன்னா, குதிரையோட சரிஞ்சு விழறவனை ஒரு சிப்பாய் ஈட்டியால குத்தறான். யாருக்குங்க நல்ல காலம்னு கேட்டேன். குத்தறவனுக்குத்தான், குதிரைக்காரனைக் கேட்டா எழுதினாங்கன்னார்.

கதை அளக்கறேன்னு பாக்கறீங்க. விஷயத்துக்குத்தான் வர்றேன். எழுத்து பளிச்சுனு முழுசா இருந்துட்டா, அந்தக் காசை ஒரு தடவை பாத்துட்டு டப்பாவுல போட்டுடுவார். தேஞ்சு போய் ரெண்டு எழுத்துதான் தெரியுதுன்னா, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி, பகல் பூரா ஓடிடும். இது என்னவா இருக்கும்னு என்னை வேற கூப்பிடுவார். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவர் யோசிச்சுச் சொல்றதும் பாதி தப்பாத்தான் இருக்கும்.

அதான், நீங்க காட்டின அந்த வாக்கியம் வேண்டாங்கறேன். இறைவனின் மடியில் இளைப்பாறுகிறார். நல்லாத்தான் இருக்கு. ஒரு மூச்சுல படிச்சுட்டு எழுந்து போயிடலாமே. கல்லறைக்கு வர்றவங்க உக்காரணும். இது என்னடா கூத்துன்னு மண்டையை உடைச்சுக்கணும். மறுநாளும் அதுக்காகவே வீட்டை விட்டு வெளிய வரணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சரி, வெட்டறவருக்கு மட்டும் சொல்றேன். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில. பாத்தீங்களா, நீங்களே சிரிச்சுட்டீங்க! கல்யாணம் ஆனதுலேருந்து நான் அதிகமாச் சொன்ன வாக்கியம் அதுதான் தம்பி. வேத வசனத்தைக்கூட அத்தனை தடவை சொன்னதில்ல.

மேல வளைவா பேரு, அதுக்குப் பின்னாடி பபான்னு போடுங்க. பாப்பா இல்ல, ப, பா. பக்தி, பாக்கியம். ராஜாங்க எல்லாரும் பேருக்குப் பின்னாடி போட்டுக்கறதுதான். அவங்களை யாரு கேட்டாங்க, என்னைக் கேக்க?

பேரா? என் பேர்தான் தம்பி, வேற யார் பேரு?

ஐயையோ, அவருக்குன்னா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க? அவர் கல்லு மாதிரி இருக்கார். எதிர்க் கடையில பல்பு வாங்கிட்டு இருக்கார். முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க, டாக்டர் சொன்னது பசங்களுக்கெல்லாம் தெரியும். அவர்கிட்டதான் இன்னும் சொல்ல வாய் வரல. நான் இளைச்சுப் போனதைப் பாத்துட்டு, காலையில நடக்கறது பலன் குடுக்குதுன்னு சந்தோஷமா இருக்கார்.

பிறந்த வருஷத்தைப் போட்டுடுங்க. பக்கத்துல இருக்கற இடத்தைக் காலியா விடுங்க, என் பொண்ணு வந்து சொல்லுவா. கல்லு மட்டும் மழைக்கு முன்னாடி தயாரா இருக்கட்டும்.

அதோ, வந்துட்டார். சமையல் மேடைக்குக் கல்லு பாக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன், காட்டிக் குடுத்துடாதீங்க.

வாங்க, வாங்க. பல்பு கிடைச்சுதா? இந்தக் கருப்பு எப்படி இருக்கு, தொட்டுப் பாருங்களேன். கறையே பிடிக்காதாம், தம்பி சொல்றார்.